வாயில் மறுத்தலும் வாயில் நேர்தலும்: குடும்ப வன்முறைத் தடுப்பில் சமூக இடையீட்டின் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறை நிகழும்போது சமூகம் தலையிடுவதில்லை என்னும் கருத்து பரவலாக முன்வைக்கப்படுகிறது. தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரை இக்கருத்து ஒரு பகுதி உண்மையே. கணவன் மனைவியரிடையே எழும் பூசலில் உறவினரும் ஊராரும் இடைபுகுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அகத்திணை மரபில் இவ்வழக்கம் 'வாயில்' என்னும் கோட்பாடாகவே அமைந்துள்ளது. ஆகவே, சிக்கல் இடையீடு இல்லாமையில் இல்லை. அதன் நோக்கில் உள்ளது. 'சேர்த்து வைத்தல்' என்பதிலிருந்து 'பாதுகாத்தல்' என்பதற்கு அந்நோக்கு மாறும்போதே சமூகம் வன்முறையைத் தடுக்கும் ஆற்றல் பெறுகிறது என்பதை, இலக்கியம், வழக்குச் சொற்கள், சட்டம், மக்கள் அமைப்புகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வாயில், வாயில் மறுத்தல், குடும்ப வன்முறை, ஊர்ப் பஞ்சாயத்து, பெண்கள் ஜமாஅத், அடைக்கலம்.

முன்னுரை

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களுள் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். அனைத்திந்திய அளவில் இது சுமார் 29 விழுக்காடு. அதே ஆய்வு மற்றொரு செய்தியையும் தருகிறது. இந்திய அளவில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுள் 14 விழுக்காட்டினரே அதிலிருந்து விடுபட உதவி நாடியுள்ளனர். 77 விழுக்காட்டினர் உதவி நாடவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. உதவி நாடியவர்களுள்ளும் பெரும்பாலோர் சென்றது தம் பிறந்த குடும்பத்தாரிடமே. காவல்துறையையோ வழக்குரைஞரையோ மருத்துவரையோ நாடியவர் மிகச் சிலர்.

இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பாதிக்கப்பட்ட பெண் முதன்முதலில் வாய் திறப்பது தாயிடம், உடன்பிறந்தாளிடம், அண்டை வீட்டாளிடம், தோழியிடம். அவர் சொல்லும் முதல் மறுமொழியே அவள் அடுத்த அடி எடுத்து வைப்பதையும் வைக்காமல் போவதையும் முடிவு செய்கிறது. எனவே, 'சமூகத்தின் பங்கு' என்பது சட்டத்திற்கு அப்பாற்பட்ட கூடுதல் உதவியன்று. சட்டம் சென்றடைவதற்கு முன் நிற்கும் வாயில் அது. அவ்வாயிலில் நிற்போர் எந்நோக்கோடு நிற்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. அகத்திணையில் வாயில்கள்

தொல்காப்பியக் கற்பியல், தலைவன் தலைவியரிடையே இடைநிற்கும் வாயில்களாகத் தோழி, தாய், பாணன், விருந்தினர், அறிவர் முதலியோரையும் கண்டோரையும் உள்ளிட்ட பன்னிருவரைச் சுட்டுகிறது. இப்பட்டியலில் இரத்த உறவினர் சிலரே. தொழில்வழி வந்தவரும் விருந்தாக வந்தவரும் வழியில் கண்டவரும்கூட இல்லறத்தின் பூசலில் சொல்லுரிமை பெறுகின்றனர். இல்லம் என்பது அயலார் நுழைய இயலாத தனியிடம் என்னும் கருத்து இம்மரபில் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது.

எனினும் அவ்வாயில்களின் சொல் எதனைக் குறித்தது என்பதையும் தொல்காப்பியர் வரையறுக்கிறார். தலைவன், தலைவி ஆகிய இருவரிடத்தும் மகிழ்ச்சி பொருந்தச் செய்வதே வாயில்களின் பொருள் என்பது அவர் கருத்து. அஃதாவது, பிரிந்தோரை மீண்டும் இணைப்பதே வாயிலின் கடன். மருதத்திணையின் ஊடல் பரத்தையிற் பிரிவால் எழுவது. அடித்தல், துன்புறுத்தல் ஆகியவற்றால் எழுவதன்று. ஆகவே சங்கப் பாடல்களின் ஊடலை இன்றைய குடும்ப வன்முறையோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. ஆயின், பூசல் எத்தகையதாயினும் இடைபுகுவோரின் கடமை இணைத்து வைத்தலே என்னும் மனப்பாங்கு, ஊடலின் எல்லையைக் கடந்தும் நம் வழக்கில் நிலைத்துவிட்டது.

இவ்விடத்தில் மரபின் மற்றொரு கூறும் நோக்கத்தக்கது. அகப்பாடல்களில் 'வாயில் நேர்தல்' இருப்பதுபோலவே 'வாயில் மறுத்தல்' என்னும் துறையும் உண்டு. தூது வந்த பாணனைத் தலைவி மறுத்து அனுப்புகிறாள். தலைவனின் பொய்ம்மையைத் தோழி முகத்துக்கு நேரே எடுத்துரைத்து வாயில் அடைக்கிறாள். வாயில் திறப்பதும் அடைப்பதும் தலைவியின் விருப்பத்தைச் சார்ந்தவை என்பதை இத்துறை ஏற்றுக்கொள்கிறது. தோழி இங்கே இருவருக்கும் நடுவில் நிற்பவள் அல்லள். தலைவியின் பக்கம் நிற்பவள். காலப்போக்கில் வாயில்களின் 'சேர்த்து வைக்கும்' கடமை மட்டும் சமூக நினைவில் தங்கி, தலைவியின் மறுக்கும் உரிமை மங்கிப்போயிற்று எனலாம்.

2. வழக்குச் சொற்களில் உறைந்த பார்வை

இம்மங்கலின் தடங்களை நாட்டார் வழக்கில் தெளிவாகக் காணலாம். 'கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்' என்னும் பழமொழி பொறுத்தலைப் பெண்ணின் அறமாக்குகிறது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பது அடியை அன்பின் மறுபக்கமாகக் காட்டுகிறது. 'அடியாத மாடு படியாது' என்பது உழவுக் களத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்து, மனைவியின்மேலும் பிள்ளையின்மேலும் ஏற்றிச் சொல்லப்படுகிறது. இவை வெறும் சொற்களல்ல. உதவி நாடி வந்த பெண்ணுக்கு, சுற்றத்தார் யோசிக்காமலேயே எடுத்துத் தரும் ஆயத்த மறுமொழிகள்.

தனிச்சொற்களும் இவ்வாறே செயற்படுகின்றன. கணவன் வீட்டைவிட்டு வந்தவளை 'வாழாவெட்டி' என்று வழக்கு சுட்டுகிறது. அவள் ஏன் வந்தாள் என்னும் காரணத்தை அச்சொல் கேட்பதில்லை. வாழவில்லை என்னும் குறையை அவள்மேல் ஏற்றிவிடுகிறது. அடித்தவனைச் சுட்ட அதற்கிணையான இழிசொல் வழக்கில் இல்லை. 'பிறந்த வீடு', 'புகுந்த வீடு' என்னும் இணைச்சொற்களும் எண்ணத்தக்கவை. ஒன்று அவள் விட்டு வந்தது. மற்றொன்று அவள் பின்னர் நுழைந்தது. அவளுக்கே உரிய வீட்டைக் குறிக்கும் மூன்றாவது சொல் இவ்வரிசையில் இல்லை. இரவு நேரத்தில் அடிபட்டு வெளியேறும் பெண் 'எங்கே போவது' என்று திகைப்பதற்குப் பொருளியல் காரணங்கள் உண்டு. அவற்றோடு, மொழி அவளுக்கு இடம் ஒதுக்காமையும் சேர்ந்தே நிற்கிறது.

நிகழ்வுக்கு இடப்படும் பெயரும் இவ்வகையில் முதன்மையானது. 'வன்முறை' என்னும் சொல் செய்தவனையும் பட்டவளையும் பிரித்துக் காட்டும். 'குடும்பத் தகராறு', 'புருஷன் பெண்டாட்டி சண்டை' என்பன இருவரையும் சமநிலையில் நிறுத்தும். சண்டை என்று பெயரிட்டால் தீர்வு சமரசம் ஆகும். வன்முறை என்று பெயரிட்டால் தீர்வு பாதுகாப்பு ஆகும். பெயரிடலே இடையீட்டின் திசையை முடிவு செய்துவிடுகிறது.

3. 'சங்கதி' காட்டும் இருவகை ஊர்

பாமாவின் 'சங்கதி' (1994) சமூக இடையீட்டின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டும் படைப்பு. மாரியம்மா என்னும் இளம்பெண்ணிடம் நிலவுடைமையாளர் ஒருவர் தகாது நடக்க முயல்கிறார். அவள் தப்பி ஓடுகிறாள். தன்மேல் பழி வராதிருக்க அவர் அவளையும் மாணிக்கம் என்னும் இளைஞனையும் சேர்த்து ஊரில் பழி கூறுகிறார். ஊர் கூடி விசாரிக்கிறது. அவள் சொல் ஏற்கப்படுவதில்லை. பெண்ணுக்கு விதிக்கப்படும் தண்டம் ஆணுக்கு விதிக்கப்படுவதைவிட மிகுதி. பின்னர் அதே மாணிக்கத்துக்கே அவள் மணம் செய்துவைக்கப்பட்டு, அவ்வாழ்க்கையிலும் அடிபடுகிறாள். இங்கு ஊர் தலையிடாமல் இல்லை, முழுமையாகத் தலையிடுகிறது. ஆனால் ஊரின் அமைதியும் ஆதிக்கச் சாதியினரின் சினத்துக்கு அஞ்சும் அச்சமுமே அதன் நோக்கை வரையறுக்கின்றன. சாதி ஒடுக்குமுறையும் பெண் ஒடுக்குமுறையும் ஒரே தீர்ப்பில் பின்னிக் கிடப்பதைப் பாமா காட்டுகிறார்.

அதே நூலில் ராக்கம்மா கணவனின் அடியைத் தாங்காது தெருவுக்கு வந்து, ஊர் பார்க்க உரத்த குரலில் வசைபாடுகிறாள். கூடி நின்றோர் அவளை நாணமற்றவள் எனப் பழிக்கின்றனர். அவ்வாறு செய்திராவிட்டால் அவன் தன்னை விட்டிருக்கமாட்டான் என்பது அவள் மறுமொழி. வீட்டுக்குள் நிகழ்வதைத் தெருவுக்குக் கொண்டுவந்து, கண்டோரைச் சாட்சிகளாக மாற்றுவதே அவள் கையாளும் தற்காப்பு. தெரு இங்கே ஒரு பாதுகாப்பு வெளியாகிறது. ஆயினும் அத்தெரு அவளைக் காக்க முன்வரவில்லை; பார்த்துப் பழிக்க மட்டுமே செய்தது. கண்டோர் வாயிலாக மாறாத நிலை இது.

4. சட்டம் திறக்கும் வாயில்

1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-அ பிரிவு, கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கியது. தற்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆகிய பிரிவுகளில் இடம்பெறுகிறது. தண்டனை ஒருபுறமிருக்க, பாதிக்கப்பட்டவளுக்கு உடனடிப் பாதுகாப்பு வேண்டும் என்னும் தேவையை நிறைவு செய்ய வந்தது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். இது 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது. வன்முறை நிகழ்ந்தது, நிகழ்கிறது அல்லது நிகழக்கூடும் என்று நம்பக் காரணமுடைய எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது. தொல்காப்பியர் வாயில்களுள் வைத்த 'கண்டோர்' இங்கே சட்டத்தின் மொழியில் மீண்டும் தோன்றுகின்றனர். 10-ஆம் பிரிவு தன்னார்வ அமைப்புகளைச் சேவை வழங்குநராகப் பதிவு செய்து, நிகழ்வறிக்கை பதிவு செய்யும் அதிகாரத்தை அளிக்கிறது. 17-ஆம் பிரிவு, இருவரும் சேர்ந்து வாழ்ந்த இல்லத்தில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை, அவ்வில்லம் எவர் பெயரில் இருந்தாலும், பெண்ணுக்கு வழங்குகிறது. பிறந்த வீடு, புகுந்த வீடு என்னும் இணைக்கு வெளியே மூன்றாவது ஓர் இடத்தைச் சட்டம் இவ்வாறு பெயரிட்டுத் தருகிறது.

2006-ஆம் ஆண்டின் விதிகளுள் 14-ஆவது விதி ஆற்றுப்படுத்தல் குறித்தது. வன்முறை மீண்டும் நிகழாது என்னும் உறுதியைப் பெறுவது அதன் நோக்கம். தான் அடித்ததற்குக் காரணம் கூறி நியாயப்படுத்த எதிர்த்தரப்பினருக்கு அங்கே இடமில்லை. பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால் மட்டுமே உடன்பாட்டுக்கான முயற்சி மேற்கொள்ளப்பட வேண்டும். வாயில் நேர்தலும் மறுத்தலும் அவள் விருப்பம் என்னும் பழைய அகமரபின் கூறு, இவ்விதியில் வேறொரு வடிவில் நிறுவப்பட்டுள்ளது. சேர்த்து வைத்தலை இவ்விதி விலக்கவில்லை. அதனைப் பாதுகாப்புக்குப் பின்னால் வைக்கிறது.

5. மாற்று மன்றங்கள்

நோக்கு மாறிய சமூக இடையீட்டுக்குத் தமிழ்நாட்டுச் சான்றாகப் புதுக்கோட்டையைக் குறிப்பிடலாம். மரபான ஜமாஅத்துகள் ஆண்களால் நடத்தப்பட்டவை. மணமுறிவு, கொடுமை, மணக்கொடை ஆகியன குறித்து அங்கே முடிவெடுக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்ட பெண் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க வாய்ப்பில்லாதிருந்தது. அவள் பொருட்டு அவள் தந்தையோ தமையனோ பேசினர். இந்நிலையில் தாவூத் ஷரீபா கானம் தலைமையில் 'ஸ்டெப்ஸ்' அமைப்பினர், 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினர். தீபா தன்ராஜ் இயக்கிய 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011) என்னும் ஆவணப்படம் இதன் செயற்பாட்டைப் பதிவு செய்துள்ளது.

இவ்வமைப்பு சமூக மன்றம் என்னும் வடிவத்தைக் கைவிடவில்லை. அதன் உள்ளமைப்பை மாற்றியது. பெண் தானே பேசுகிறாள், பெண்களே கேட்கின்றனர், இரு தரப்பும் விசாரிக்கப்படுகிறது, தேவைப்படும்போது காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடன்செல்கின்றனர். குஜராத்தில் மகிளா சமாக்யா திட்டத்தின்வழி 1990-களின் நடுவில் தோன்றிய 'நாரி அதாலத்' என்னும் பெண்கள் மன்றங்களும் இத்தகையனவே. சமூகத்தின் மொழியும் உறவு முறையும் அறிந்தவர்களாக இருத்தலும், சட்டத்தோடு தொடர்பு அறுபடாதிருத்தலும் இவற்றின் வலிமை.

இவற்றைக் கட்டப்பஞ்சாயத்தோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கட்டப்பஞ்சாயத்துகள் சட்டத்துக்குப் புறம்பானவை, ஒழிக்கப்பட வேண்டியவை என்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் கண்டித்துள்ளது. இரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோல்கள் மூன்று. முதலாவது, பாதிக்கப்பட்டவள் தானே பேச இயலுகிறதா? இரண்டாவது, முடிவை மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டா? மூன்றாவது, சட்டத்தை நாடும் வழி திறந்திருக்கிறதா? இம்மூன்றுள் ஒன்று இல்லையெனினும், அம்மன்றம் எப்பெயர் பூண்டிருந்தாலும் பழைய ஊர்ப் பஞ்சாயத்தே.

6. கதவைத் தட்டுதலும் அடைக்கலம் தருதலும்

மன்றங்கள் பூசல் முற்றிய பின்னர்ச் செயற்படுவன. அதற்கு முன்னர்த் தடுக்க வல்லோர் அண்டை அயலார். 2008-இல் 'பிரேக்த்ரூ' அமைப்பு இந்தியாவில் தொடங்கிய 'பெல் பஜாவோ' இயக்கம் இதனை எளிய செயலாக்கிக் காட்டியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் ஓசை கேட்டால், சென்று அழைப்பு மணியை அடிக்க வேண்டும்; பால் கேட்பதுபோல் ஏதேனும் ஒரு சிறு காரணம் கூறினாலே போதும். 'வெளியே கேட்கிறது' என்பதை அடிப்பவனுக்கு உணர்த்துவதே அதன் உட்பொருள். இவ்வியக்கம் முதன்மையாக ஆண்களையும் சிறுவர்களையும் நோக்கிப் பேசியது குறிப்பிடத்தக்கது. அடிப்பவன் தன்னையொத்த ஆண்களின் மௌனத்தை உடன்பாடாகக் கொள்கிறான். அம்மௌனம் கலையும்போது அவ்வுடன்பாடும் கலைகிறது.

சமூகத்தின் மதிப்பீடுகளை மாற்றினால் வன்முறை குறையும் என்பதற்கு உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் நடைபெற்ற 'சாசா' திட்டம் சான்று. ஸ்வாஹிலி மொழியில் இச்சொல்லுக்கு 'இப்போது' என்று பொருள். அக்கம்பக்கத்து ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, தம் தெருவிலேயே அதிகாரம் குறித்த உரையாடல்களைத் தொடர்ந்து நடத்தினர். திட்டம் நடைபெற்ற பகுதிகளில் இணையர் இழைத்த உடல்சார் வன்முறை, நடைபெறாத பகுதிகளைவிட ஏறத்தாழ பாதியளவு குறைவாக இருந்ததென ஆய்வில் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கி விரிந்த மகளிர் தன்னுதவிக் குழுக்கள் இத்தகைய பணிக்கு ஆயத்தமான அமைப்பு. கடன் தவணைக்காகக் குறித்த நாளில் கூடும் பெண்கள், வராதவளை ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை உடையவர்கள். அக்கேள்வியே ஒரு வாயில்.

தடுத்தல் பயன்படாத இடத்தில் அடைக்கலம் இன்றியமையாததாகிறது. சிலப்பதிகார அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலம் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் புகுந்ததை நீர்ப்படைக் காதை உரைக்கிறது. அம்முடிவு இன்று போற்றத்தக்கதன்று. ஆயினும் அடைக்கலம் என்பது ஈகை அன்று, ஏற்றவரைப் பிணிக்கும் பொறுப்பு என்னும் கருத்து அதில் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும், வேண்டுகோள் வரும்போது காப்பகப் பொறுப்பாளர் தங்குமிடம் அளித்தல் வேண்டும் என்று அதனைக் கடமையாகவே கூறுகிறது. 2015 முதல் செயற்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மருத்துவம், சட்ட உதவி, ஆற்றுப்படுத்தல், தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஓரிடத்தில் தருகின்றன. 181 என்னும் உதவி எண் அவற்றோடு இணைக்கிறது. அந்த எண்ணை அவளிடம் சொல்லவும், அவள் பேசும்வரை குழந்தையை வைத்துக்கொள்ளவும், சான்றிதழ்களையும் நகையையும் தன் வீட்டில் பாதுகாத்துத் தரவும் ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டாரே.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

தமிழ் மரபில் இல்லறப் பூசல் என்றுமே இருவருக்கிடையில் மட்டும் அமைந்ததன்று. வாயில்கள் என்னும் கோட்பாடு சமூகத்தின் இடையீட்டை இயல்பானதாக ஏற்கிறது. எனவே 'குடும்ப விவகாரத்தில் தலையிடலாகாது' என்பதனைத் தமிழ் மரபாகக் காட்டுதல் பொருந்தாது.

மரபான இடையீட்டின் நோக்கு இணைத்து வைத்தலாக இருந்தது. ஊடலுக்குப் பொருந்திய அந்நோக்கை வன்முறைக்கும் பொருத்தியதே பிழை. அடிபட்டு வந்தவளைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும், அவளை ஆபத்துக்குள் அனுப்பும் வாயிலாகச் சமூகம் மாறிவிடுகிறது.

வாயில் மறுத்தல் என்னும் துறை, தலைவியின் விருப்பமே இறுதியானது என்பதை அகமரபிற்குள்ளேயே காட்டுகிறது. 2006-ஆம் ஆண்டின் 14-ஆவது விதியும் பெண்கள் ஜமாஅத் போன்ற மன்றங்களும் அவ்வுரிமையை இன்றைய வாழ்வில் மீட்டெடுக்கின்றன.

வழக்குச் சொற்கள் இடையீட்டின் திசையை முன்கூட்டியே வகுத்துவிடுகின்றன. 'வாழாவெட்டி', 'குடும்பத் தகராறு' போன்ற சொற்களை ஆய்வுக்குட்படுத்தி, பாடநூல்களிலும் ஊடகங்களிலும் அவற்றின் ஆட்சியைக் கேள்விக்குள்ளாக்குதல் தமிழாய்வாளர் கடன். வட்டாரந்தோறும் பெண்களிடையே வழங்கும் பழமொழிகள், ஒப்பாரிகள், வசைமொழிகள் ஆகியவற்றை இந்நோக்கில் தொகுத்தல், மேலாய்வுக்குரிய களமாகும். உதவி நாடி வந்தவளுக்குச் சொல்லத்தக்க முதல் மறுமொழி எது என்பதைத் தமிழில் கண்டெடுக்க அத்தொகுப்பு துணைபுரியும்.